பனிக்கட்டி க்ரீப் சோதனை: கணக்கில் வருவதில் ஆறில் ஒரு பங்கு வேகம்தான் கிடைக்கிறது, எங்கே பிழை?

#1 உறைநிலை

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலைத் திட்டப்பணிக்காக ஒரு மாதமாகப் பனிக்கட்டியை அமுக்கிக்கொண்டிருக்கிறேன். மாறாத பளுவை வைத்துவிட்டு, அது எவ்வளவு மெதுவாகக் குறுகுகிறது என்று பார்க்கும் க்ரீப் சோதனை, அதாவது ஊர்வுச் சோதனை.

என் ஏற்பாடு இது. 50 மில்லிமீட்டர் விட்டம், 100 மில்லிமீட்டர் உயரம் உள்ள உருளை. வாலை வடிநீரை எஃகுக் குழாயில் ஊற்றி ஃப்ரீசரிலேயே உறையவைத்தேன். பத்துக்கு ஒன்று நெம்புகோல், தட்டில் 10 கிலோ. ஆக மாதிரியின் தலையில் 100 கிலோ, தகைவு, அதாவது பரப்பலகின் மேல் விழும் விசை, ஏறத்தாழ 0.5 மெகாபாஸ்கல். ஃப்ரீசர் −10 டிகிரி. நீள மாற்றத்தை அளக்கும் எல்விடிடி உணரி மணிக்கு ஒரு முறை பதிவு செய்கிறது.

சிக்கல் ஒன்று: ஐந்தாம் நாள் வாக்கில் திரிபு வீதம், அதாவது உயரம் குறுகும் வேகம், நாளுக்கு 0.06 சதவீதத்தில் நிற்கிறது. பனிக்கட்டி ஊர்வுக்கான கிளென் விதிப்படி, −10 டிகிரிக்கு நூல்களில் உள்ள மென்மைக் கெழுவை (எவ்வளவு எளிதில் ஊரும் என்னும் எண்) எடுத்து, தகைவின் முப்படியால் பெருக்கினால் நாளுக்கு 0.38 சதவீதம் வரவேண்டும். ஆறு மடங்குக்கு மேல் இடிக்கிறது.

சிக்கல் இரண்டு, இது சிக்கலா கண்டுபிடிப்பா என்று தெரியவில்லை: வரைகோடு வழவழவென்று இல்லாமல் படிக்கட்டாக வருகிறது. கொஞ்ச நேரம் அசைவே இல்லை, திடீரென்று ஓர் இறக்கம். பனிக்கட்டிக்குள் இடப்பிறழ்வுகள் (படிக அடுக்கில் உள்ள கோட்டுக் குறைகள்) சரிவு சரிவாக மொத்தமாக நகரும் என்று படித்திருக்கிறேன். அதைத்தான் பார்க்கிறேனா?

#2 சும்மா_வந்தவன்

எனக்கு இந்தத் துறை தெரியாது, தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். பனிக்கட்டியைத் தரையில் போட்டால் சில்லுச் சில்லாக உடைகிறது. அது எப்படி ஐயா ‘ஊரும்’?

#3 பழைய_பளு

தம்பி உறைநிலை, முதலில் பெரிய பிழை.

அந்த விதியில் இருக்கும் தகைவு நீங்கள் தலையில் வைத்த அச்சுத் தகைவு இல்லை. ஒரு பக்கமாக மட்டும் அமுக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு எல்லாத் திசையிலும் சமமாக இருக்கும் அழுத்தம். அது பனிக்கட்டியின் வடிவத்தை மாற்றாது. மிச்சம் மூன்றில் இரண்டுதான் வடிவத்தை மாற்றும் பங்கு. விதியில் இந்த மூன்றில் இரண்டு ஒரு முறை வரும். அதோடு பயனுறு தகைவின் இருபடியும் வரும். பயனுறு தகைவு என்பது அச்சுத் தகைவை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தது, ஆகவே அதன் இருபடி மூன்றில் ஒன்று. மூன்றில் ஒன்றையும் மூன்றில் இரண்டையும் பெருக்கினால் ஒன்பதில் இரண்டு. உங்கள் 0.38-ஐ அதால் பெருக்கிப் பாருங்கள், 0.084 வரும். ஆறு மடங்கு இடித்தது இப்போது ஒன்றரை மடங்குக்குள் வந்துவிட்டது.

வெட்கப்பட வேண்டாம். நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன். ஒரு கருத்தரங்கில் படத்தைத் திரையில் போட்டு, பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

படிக்கட்டுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரே கேள்வி. படிகளுக்கு நடுவே எவ்வளவு நேரம்? சமமான இடைவெளியா?

#4 உறைநிலை

ஐயா, மிக்க நன்றி. இரண்டு வாரமாகக் கெழுவின் அலகை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன், இந்தப் பக்கம் கண்ணே போகவில்லை.

படிகளின் இடைவெளியை இப்போதுதான் அளந்தேன். ஆறு மணி நேரம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம்.

#5 பழைய_பளு

பனிக்கட்டிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது தம்பி. ஃப்ரீசருக்குத் தெரியும்.

உங்கள் ஃப்ரீசர் ஆறு மணிக்கொரு தரம் டீஃப்ராஸ்ட் ஆகிறது. குளிர்ச்சுருளில் படிந்த உறைபனியை உருக்க உள்ளே சூடு போடுகிறது. இனி கணக்கைப் பாருங்கள். பனிக்கட்டி 1 டிகிரிக்குத் தன் நீளத்தில் லட்சத்தில் 5 பங்கு விரியும். 100 மில்லிமீட்டரில் அது 5 மைக்ரான். நாளுக்கு 0.06 சதவீதம் என்றால் உங்கள் மாதிரி ஆறு மணி நேரத்தில் குறுகுவது 15 மைக்ரான். காற்றின் சூடு நாலைந்து டிகிரி ஏறி, பனிக்கட்டிக்குள் அதில் பாதி போனாலே போதும், நீங்கள் அளக்க வந்த ஊர்வுக்குச் சமமாக வெப்ப விரிவும் வந்து நிற்கும். அது விரிந்து ஊர்வை மறைக்கும் நேரம்தான் உங்கள் ‘அசைவே இல்லை’. திரும்பக் குளிர்ந்து சுருங்கும் நேரம்தான் ‘திடீர் இறக்கம்’. மணிக்கு ஒரு முறை பதிவு செய்வதால் ஏற்றம் உங்கள் கண்ணில் படவில்லை. நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள், மாதிரி உயர்ந்து பிறகு இறங்குவது தெரியும். எல்விடிடியின் தண்டும் சட்டகமும் தம் பங்குக்கு ஆடும், அது தனி.

இடப்பிறழ்வுச் சரிவுகள் உண்மைதான். பிரான்சில் ஜெரோம் வைஸ் குழுவினர் 1990-களிலிருந்து ஒலி உமிழ்வை வைத்து அவற்றைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பனிக்கட்டியில் ஒலியுணரி ஒட்டவேண்டும். நெம்புகோலும் மணிக்கொரு பதிவும் காட்டாது.

விரிவை விட்டாலும் வெப்பநிலைக்கு இன்னொரு தண்டனை உண்டு. −10 டிகிரிப் பக்கம் 1 டிகிரி கூடினால் ஊர்வு வீதமே ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். −5-க்கு மேலே போனால் 20 சதவீதத்தை நெருங்கும். ஆகவே டீஃப்ராஸ்டை நிறுத்துங்கள். மாதிரியைச் சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய ஏனத்துக்குள் வையுங்கள். வெப்பநிலையும் ஆடாது, பனிக்கட்டி காற்றில் ஆவியாகி இளைப்பதும் நிற்கும். வெப்பமானியை எண்ணெய்க்குள் மாதிரியை ஒட்டி வையுங்கள். ஃப்ரீசர் கதவில் மின்னும் எண்ணை நம்பி எழுதிய தரவுகள் என் பழைய நோட்டில் ஒரு நோட்டு முழுக்க இருக்கின்றன, எதற்கும் உதவாமல்.

#6 பாறைக்காரி

சும்மா_வந்தவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நல்ல கேள்வி அது.

உடைவதா ஊர்வதா என்பது எவ்வளவு வேகமாக வற்புறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. தரையில் மோதுவது மில்லி நொடி விவகாரம். அந்த நேரத்தில் படிகத்துக்குள் எதுவும் நகர்ந்து இடம்கொடுக்க முடியாது, ஆகவே விரிசல். நாள் கணக்கில் மெல்ல அழுத்தினால் நகரும். இன்னொரு கோணமும் உண்டு. −10 டிகிரி நமக்குத்தான் குளிர். தனிச்சுழி அளவில் அது 263 கெல்வின், உருகுநிலை 273. அதாவது பனிக்கட்டி தன் உருகுநிலையில் 96 சதவீதத்தில் நிற்கிறது. இரும்பை அதே நிலைக்குக் கொண்டுபோக 1,450 டிகிரிக்கு மேல் சூடாக்கவேண்டும். அந்தச் சூட்டில் இரும்பின் தலையில் பளு வைத்தால் அது ஊராமல் என்ன செய்யும்?

உறைநிலை, உங்களுக்கு இன்னொரு சேதி இருக்கிறது, கொஞ்சம் கசப்பு. ஐயா சொன்ன திருத்தத்துக்குப் பிறகும் நீங்கள் 0.06, விதி 0.084. கிட்டத்தட்ட ஒத்துப்போகிறதே என்று மகிழ வேண்டாம். உங்கள் மாதிரியை அந்த விதியோடு ஒப்பிடவே முடியாது.

குழாயில் நீரை ஊற்றி அப்படியே உறையவைத்தால் எஃகுச் சுவர்தான் முதலில் குளிரும். படிகங்கள் சுவரிலிருந்து நடுவை நோக்கி விரல் விரலாக வளரும். கரைந்திருந்த காற்று நடுவில் ஒதுங்கி வெள்ளைக் குமிழ்த் தண்டாக நிற்கும். உங்கள் உருளையின் நடுவில் வெள்ளைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கும். படிகங்களின் திசை தாறுமாறாக இருக்கவேண்டியது போய் ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கும். அதுதான் கேடு. பனிக்கட்டிப் படிகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைந்துகொடுப்பதில்லை. அறுகோணத் தளம் ஒன்று உண்டு, அதன் மேல் அடுக்குகள் சுலபமாக வழுக்கும். வேறு தளத்தில் வழுக்கவைக்கப் பத்து மடங்குகளில் கூடுதல் தகைவு கேட்கும். 1891-இலேயே மக்கானெல் என்பவர் ஒற்றைப் படிகப் பாளங்களை வளைத்துப் பார்த்து, இது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய தாள்களைப் போல நடந்துகொள்கிறது என்று எழுதிவிட்டார். தாள்கட்டைச் சாய்வாகத் தள்ளினால் வழுக்கும். நேர் மேலிருந்து அமுக்கினாலோ விளிம்பில் நிறுத்தி அமுக்கினாலோ அசையாது. உங்கள் உருளைக்குள் எத்தனை தாள்கட்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சரி, எப்படிச் செய்வது? சுத்தமான பனிக்கட்டியைக் குளிரறையில் நொறுக்குங்கள். சல்லடையில் சலித்து ஒரே அளவுக் குருணையை மட்டும் எடுங்கள், கால் மில்லிமீட்டர் வாக்கில். அச்சில் நிரப்பித் தட்டி அமர்த்துங்கள். வெற்றிடக் குழாயை மாட்டிக் காற்றை உறிஞ்சுங்கள். அப்புறம் காய்ச்சிக் காற்று நீக்கி 0 டிகிரிக்குக் கொண்டுவந்த நீரை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். நீர் கொஞ்சம் சூடாக இருந்தாலும் குருணை கரைந்துவிடும், அதிகக் குளிர்ச்சியோடு வந்தால் வழியிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது. பிறகு சுவரைச் சுற்றி வெப்பம் போகாமல் கட்டிவிட்டு, அடித்தட்டை மட்டும் குளிர்வித்து, கீழிருந்து மேலாக உறையவிடுங்கள். ஒவ்வொரு குருணையும் விதை மாதிரி, தன் திசையிலேயே சுற்றியுள்ள நீரை உறையவைக்கும். எல்லாத் திசையும் கலந்த, குமிழ் இல்லாத பனிக்கட்டி கிடைக்கும். நல்ல மாதிரி கண்ணாடி போல இருக்காது, கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

இரு முனைகளையும் கடைசல் இயந்திரத்தில் இணையாகச் சீவ மறக்க வேண்டாம். முனை கோணலாக இருந்தால் முதல் அரை சதவீதத் திரிபு, பளு உட்கார இடம் தேடியது மட்டும்தான்.

#7 சும்மா_வந்தவன்

அக்கா, இரும்பு உவமை நச். ஆனால் பள்ளியில் வேறு சொன்னார்கள். அழுத்தினால் பனிக்கட்டி உருகும், அதனால்தான் பனியாறு நகர்கிறது என்று. இது அதுதானே?

#8 பழைய_பளு

இல்லை. ஒரு மெகாபாஸ்கல் அழுத்தம் உருகுநிலையை 0.07 டிகிரி இறக்கும், அவ்வளவுதான். தம்பி வைத்திருப்பது அரை மெகாபாஸ்கல். −10-இல் இருக்கும் பனிக்கட்டியை 0.04 டிகிரி இறக்கம் என்ன செய்துவிடும்? பனியாற்றின் அடியில், உருகுநிலையிலேயே இருக்கும் பனிக்கட்டி ஒரு பாறை முனையைச் சுற்றிப் போகும்போது அந்தக் கதைக்கு இடமுண்டு. இங்கே இல்லை.

#9 சூத்திரதாரி

நான் பனிவிரிப்புகளைக் கணினியில் ஓட்டுபவன். இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். உறைநிலையின் உழைப்பைக் குறைத்துப் பேசவில்லை, ஆனால் இந்தச் சோதனை எதற்கு என்று உண்மையிலேயே புரியவில்லை. வீதம் தகைவின் மூன்றாம் அடுக்கில், அதாவது முப்படியில் போகும் என்று கிளென் 1950-களில் சொல்லிவிட்டார். கிரீன்லாந்து, அண்டார்டிகா கணினி மாதிரிகள் கிட்டத்தட்ட எல்லாமே அதில்தான் ஓடுகின்றன. முடிந்துபோன கேள்விக்கு ஏன் ஒரு ஃப்ரீசரைக் கட்டிப்போடவேண்டும்?

#10 பாறைக்காரி

முடிந்துபோன கேள்வியா! சூத்திரதாரி, கிளென் 1955-இல் எழுதிய கட்டுரையைத் திறந்து பாருங்கள். அதில் மூன்று என்று இல்லை.

கதை இப்படி. கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெருட்ஸ் இருந்தார். ஹீமோகுளோபின் அமைப்பைக் கண்டு 1962-இல் நோபல் வாங்கிய அதே பெருட்ஸ். அவருக்குப் பனியாறு மேல் தீராத மோகம். 1948-இல் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ் பனிவயலில் ஓர் எஃகுக் குழாயைச் செங்குத்தாக இறக்கி, அது காலப்போக்கில் எப்படிச் சாய்கிறது என்று அளந்த குழுவில் அவரும் ஒருவர். மேற்பரப்பு அடியைவிட வேகமாக நகர்ந்தது. அப்படியானால் பனிக்கட்டி எந்த விதிப்படி ஊர்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்தாகவேண்டும். அதைக் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் செய்தவர் ஜான் கிளென். 1 முதல் 10 பார் வரை (0.1 முதல் 1 மெகாபாஸ்கல்) தகைவு, −13 டிகிரியிலிருந்து உருகுநிலைக்குச் சற்றுக் கீழ் வரை வெப்பநிலை. ஒவ்வொரு சோதனையிலும் கண்ட மிகக் குறைந்த வீதத்தை எடுத்துத் தகைவோடு வரைந்தார். அடுக்கு ஏறத்தாழ 3.2 வந்தது. ஆனால் பளு வைத்ததும் வந்து மெல்ல அடங்கும் தொடக்க ஊர்வு அந்த அளவீடுகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவருக்கே தெரியும். இயற்பியலாளர் ஆண்ட்ரேடு உலோகங்களுக்குச் சொன்ன, நேரத்தின் மூன்றில் ஒன்றாம் அடுக்கில் போகும் பகுதியைக் கழித்துப் பார்த்தார். அடுக்கு 4 பக்கம் போனது. இரண்டையும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

அப்புறம் ‘மூன்று’ எப்படி நிலைத்தது? ஜான் நை 1953-இலேயே, பனியாறுகளில் குடைந்த சுரங்கங்கள் தாமாக மூடிக்கொள்ளும் வேகத்தையும் அந்தக் குழாய் சாய்ந்ததையும் கிளெனின் தொடக்க முடிவுகளோடு ஒப்பிட்டு விதியைப் பொதுவான தகைவு நிலைக்கு விரித்தார். மூன்று என்று வைத்தால் கணக்கு அழகாக விழும், கையால் தொகையிடலாம், அளவீடுகளுக்கும் பெரிதாக முரண்படாது. அன்றைக்கு அது நல்ல முடிவு. எழுபது வருடம் கழித்தும் அதை இயற்கை மாறிலி மாதிரி பேசுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

#11 சூத்திரதாரி

3-க்கும் 4-க்கும் நடுவே நடைமுறையில் என்ன வந்துவிடும்? கெழுவைச் சரிக்கட்டிக்கொள்வோம். செயற்கைக்கோள் தரும் மேற்பரப்பு வேகத்தோடு பொருந்தினால் போதும்.

#12 பாறைக்காரி

இன்றைய வேகத்துக்குப் பொருந்தும். தகைவு மாறும்போது? ஆய்வுக்கூடத்தில் 0.5 மெகாபாஸ்கலில் அளக்கிறோம். பனியாற்றில் பெரும்பாலும் 0.1 பக்கம், சில இடங்களில் 0.05. பத்து மடங்கு இறக்கும்போது அடுக்கு 3 என்றால் வீதம் 1,000 மடங்கு குறையும். 4 என்றால் 10,000. 1.8 என்றால் வெறும் 63. கெழுவைச் சரிக்கட்டி மூடுகிற ஓட்டையா இது?

1.8 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கோல்ட்ஸ்பியும் கோல்ஸ்டெட்டும் 2001-இல் மிக நுண்ணிய துகள் கொண்ட பனிக்கட்டியை அமுக்கிக் காட்டியது. தகைவு குறைவாக இருக்கும்போது படிகங்கள் உள்ளே வழுக்குவதோடு நில்லாமல், ஒன்றையொன்று உரசி எல்லையோரம் நழுவுகின்றன. அங்கே அடுக்கு 1.8, துகள் பெரிதானால் வேகம் குறையும். தகைவு கூடினால் இடப்பிறழ்வு ஊர்வு முந்திக்கொள்ளும், அடுக்கு 4. இரண்டும் கலக்கும் இடத்தில் அளந்தால் நடுவில் ஏதோ ஒரு எண் வரும். மூன்று என்பது அந்தக் கலப்பின் சராசரியாக இருக்கலாம் என்பதுதான் அவர்கள் வாதம். துவாலும் மொந்தாஞாவும் இதை ஏற்கவில்லை. பனிவிரிப்பில் உள்ள துகள்கள் மில்லிமீட்டர் கணக்கில் பெரியவை, அங்கே தளவழுக்கலே முதன்மை என்றார்கள். சண்டை ஓயவில்லை. நான் கோல்ட்ஸ்பி பக்கம் சாய்பவள், மறைக்கவில்லை.

உங்கள் ஊழியத்தில் இருப்பவர்களே வேறு எண் சொல்கிறார்கள். மில்ஸ்டீன் குழு 2022-இல் அண்டார்டிக மிதக்கும் பனித்திட்டுகளின் செயற்கைக்கோள் வேகத்தை மட்டும் வைத்துக் கணித்ததில் அடுக்கு 4 பக்கம் வந்தது. எதிர்முனையில், ஐயோவாவில் ஐவர்சன் குழு உருகுநிலையிலேயே இருக்கும், படிக இடுக்கில் நீர் கசியும் பனிக்கட்டியைப் பெரிய வளைய ஷியர் கருவியில் (ஷியர் என்றால் அடுக்குகளை எதிரெதிராக நழுவவைப்பது) திருகி, 2025-இல் அடுக்கு 1 என்று வெளியிட்டது. தேன் மாதிரி, தகைவு இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும், அவ்வளவே. ஒரே பொருள், 1-இலிருந்து 4 வரை.

#13 சூத்திரதாரி

அந்த 2022 கட்டுரை தெரியும். 2025-ஐப் படிக்கவில்லை, படித்துவிட்டு வருகிறேன். ஆனால் என் கேள்வியின் மறுபாதி நிற்கிறது. தகைவு குறைந்த இடத்தில்தான் சந்தேகம் என்றால், அங்கேயே நேராக அளக்க வேண்டியதுதானே? ஏன் எல்லாரும் 0.5-இல் போய் நிற்கிறீர்கள்?

#14 பழைய_பளு

ஆயுள் போதாது, அதனால்.

நூலில் உள்ள கெழுவை வைத்தே போடுங்கள். −30 டிகிரி, 0.1 மெகாபாஸ்கல் ஷியர் தகைவு, அடுக்கு 3. வருடத்துக்கு 0.12 சதவீதம் வரும். இந்த ஊர்வுக்கு மூன்று பருவம் உண்டு. பளு வைத்ததும் வேகமாகத் தொடங்கித் தளர்ந்துகொண்டே போகும். ஏறத்தாழ 1 சதவீதத் திரிபில் மிகக் குறைந்த வீதத்தைத் தொடும். அதற்குப் பிறகு படிகங்கள் புதிதாக முளைத்து, வழுக்க வசதியான பக்கம் திரும்பிக்கொள்ள, வேகம் மறுபடி கூடி 10 சதவீத வாக்கில் நிலைக்கும். −30-இல் இந்த வீதத்திலேயே போனால் முதல் 1 சதவீதம் காண எட்டு வருடத்துக்கு மேல். 10 சதவீதம் காண எண்பது வருடத்துக்கு மேல். யார் காத்திருப்பார்கள்? எந்த உணரி எண்பது வருடம் நகராமல் இருக்கும்? நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு மைக்ரான் குறுகலை அளக்கும்போது, 1 டிகிரி ஆட்டம் வாரக்கணக்கான ஊர்வை விழுங்கிவிடும்.

ஆகவே எல்லாரும் சூட்டையோ தகைவையோ கூட்டுகிறோம். கூட்டினால் வேறு செயல்முறை முந்திவிடுமோ என்ற அச்சம் கூடவே வரும். குறைத்தால் தொடக்கப் பருவம் முடியுமுன் பொறுமையோ நிதியோ முடிந்துவிடும். தொடக்கப் பருவத்திலேயே நிறுத்தினால் குறைந்த தகைவுகளில் வீதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும், அதனால் அடுக்கு குறைவாகத் தெரியும். பழைய கட்டுரைகளில் தாழ்ந்த தகைவில் அடுக்கு 1, 2 என்று வந்த சிலவற்றை நான் இந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன். பாறைக்காரி கோபித்துக்கொண்டாலும் சரி.

இன்னொன்று. பனிவிரிப்பில் பெரும்பகுதி பனிக்கட்டி 10 சதவீதத்தை எப்போதோ தாண்டிவிட்டது. அது மூன்றாம் பருவத்தில் ஓடுகிறது. நாம் சோதனையில் எடுத்து விதியில் போடுவதோ நடுப்பருவத்தின் அடிமட்ட வீதம். இரண்டுக்கும் அமுக்கத்தில் மூன்று மடங்கு வரை, ஷியரில் எட்டு மடங்கு வரை வித்தியாசம் என்று ஆஸ்திரேலியாவில் பட், ஜாக்கா இருவரும் பல வருடம் பளு வைத்துக் காட்டினார்கள். அதே மரபில் டிரெவெரோ குழு 2012-இல் மூன்றாம் பருவத்துக்கு மட்டும் பார்த்தபோது அடுக்கு 3.5 பக்கம் வந்தது. எங்கே நிறுத்தினோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. கட்டுரையின் முகப்பில் அடுக்கு என்ன என்று தேடுவதற்கு முன் எத்தனை சதவீதத் திரிபு வரை போனார்கள் என்று தேடுவேன்.

#15 பாறைக்காரி

கோபமெல்லாம் இல்லை. கோல்ட்ஸ்பியின் மாதிரிகளுக்கு அந்தக் குறை பொருந்தாது, துகள் நுண்மையாக இருப்பதால் சீக்கிரமே நிலைக்கு வந்துவிடும் என்பதுதானே அவர்கள் உத்தியே. ஆனால் மூன்றாம் பருவம் பற்றிச் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை.

#16 மட்டுறுத்துநர்

விவாதம் அருமை. இழையைத் தொடங்கியவர் மூன்று வாரமாகக் காணவில்லை. உறைநிலை, இருக்கிறீர்களா?

#17 உறைநிலை

இருக்கிறேன், தினமும் படித்துக்கொண்டிருந்தேன். சொல்ல ஏதாவது கையில் வரட்டும் என்று காத்திருந்தேன்.

பழைய உருளையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். அக்கா சொன்ன வெள்ளைத் தண்டு பென்சில் கனத்துக்கு நடுவில் நின்றது. அதை மெல்லிய சீவலாகச் சீவி, குறுக்கிட்ட இரண்டு துருவத் தகடுகளுக்கு (ஒளியை ஒரு திசை அதிர்வாக மட்டும் விடுபவை) நடுவே வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சுவரிலிருந்து நடுவை நோக்கிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நீள நீளமான நிறப்பட்டைகள். இதையா ஒரு மாதம் அமுக்கினேன் என்று இருந்தது.

விதைக் குருணை முறையில் முதல் இரண்டு அச்சும் கெட்டன, ஒன்றில் நீர் பாதி வழியில் உறைந்தது. மூன்றாவது நன்றாக வந்தது. அதன் சீவல் தகடுகளுக்கு நடுவே உடைந்த வளையல் துண்டுகளைக் கொட்டியது மாதிரி எல்லா நிறமும் கலந்து கிடக்கிறது. டீஃப்ராஸ்டை நிறுத்திவிட்டேன். மாதிரி எண்ணெய்க்குள். வெப்பநிலை ஆட்டம் கால் டிகிரிக்குள், எண்ணெயில் அளந்தால் −9.6, கதவில் −10. நெம்புகோலின் கீழே பளு உணரியை வைத்துச் சோதித்ததில் அச்சாணி உராய்வு 4 சதவீதம் தின்றுகொண்டிருந்தது. அதையும் சரிசெய்தேன்.

இன்று பன்னிரண்டாம் நாள். படிக்கட்டு போயே போய்விட்டது. முதல் நாள் நாளுக்கு அரை சதவீத வேகத்தில் தொடங்கி இறங்கிக்கொண்டே வந்து, திரிபு 1.2 சதவீதத்தில் நாளுக்கு 0.08-ஐத் தொட்டது. இரண்டு நாளாக அங்கேயே நிற்கிறது. விதிப்படி 0.084 வேண்டும். இத்துடன் நிறுத்தி அடுத்த தகைவுக்குப் போகலாமா?

#18 பழைய_பளு

நிறுத்தாதீர்கள். அடிமட்டத்தைத் தொட்டுவிட்டதா என்பது அது மறுபடி ஏறத் தொடங்கிய பிறகுதான் தெரியும். இப்போது பளுவை எடுத்தால் கையில் இருப்பது ‘அன்றைக்குக் கண்ட மிகக் குறைந்த வீதம்’ மட்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. மாதிரி குறுகக் குறுக அகலம் கூடும், அதே பளு அதிகப் பரப்பில் பரவும், தகைவு இறங்கும். 10 சதவீதத்தில் தகைவு 10 சதவீதம் குறைந்திருக்கும், முப்படியில் வீதம் 27 சதவீதம் விழும். வேகம் கூடவேண்டிய பருவத்தில் இது அதை மறைத்துவிடும். உங்கள் நெம்புகோலுக்குக் கணக்கு சுலபம். ஒவ்வொரு 1 சதவீதத் திரிபுக்கும் தட்டில் 100 கிராம் கூட்டுங்கள். போடும்போது விரலால் தட்டைத் தாங்கிப் பிடித்து மெல்ல விடுங்கள், தொப்பென்று போடக்கூடாது.

#19 உறைநிலை

சரி ஐயா. ஆனால் இதே ஃப்ரீசருக்கு இன்னொரு திட்டக்காரர் வரிசையில் நிற்கிறார். பேசிப் பார்க்கிறேன்.

#20 சூத்திரதாரி

2025 கட்டுரையைப் படித்துவிட்டேன். உருகுநிலைப் பனிக்கட்டிக்கு மட்டும் அடுக்கு 1 என்று மாற்றி, ஒரு சிறிய பனியாற்று மாதிரியை ஓட்டிப் பார்த்தேன். ஓரத்தில் வேகம் எதிர்பார்த்ததைவிட வேறு மாதிரி பரவுகிறது. இங்கே எழுத இடம் போதாது, தனி இழை தொடங்குகிறேன். உறைநிலை, உங்கள் வரைகோடு முழுதாக வந்ததும் தரவைத் தருவீர்களா? எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டவன்தான் கேட்கிறேன்.

#21 உறைநிலை

தருகிறேன் அண்ணா.

முப்பதாம் நாள். திரிபு 3.1 சதவீதம், தட்டில் இப்போது 10 கிலோ 300 கிராம். பதினைந்தாம் நாள் வாக்கில் வீதம் ஏறத் தொடங்கியது, இன்று நாளுக்கு 0.14.

#22 சும்மா_வந்தவன்

நானும் இதை ஒரு தொடர்கதை மாதிரி படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் எத்தனை நாள்?

#23 உறைநிலை

10 சதவீதம் வரை. இந்த வேகத்தில் இன்னும் ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. அந்தத் திட்டக்காரர் வேறு ஃப்ரீசருக்குப் போக ஒப்புக்கொண்டார். கதவில் ‘திறக்காதீர்கள், உள்ளே ஒன்று நகர்ந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நேற்று யாரோ அதன் கீழே ‘எங்கே?’ என்று பென்சிலால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.